ஐந்து வீட்டுக் கணக்கும் ஒரு மேப்பிள் மரமும்

2023 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு மச்சான் கையில் ஒரு காகிதத்தோடு வந்தார். எங்கள் வீட்டைச் சதுரமாகக் கீறி, நாலாகப் பிரித்து, பின்னுக்கு இன்னொரு சின்னச் சதுரமும் போட்டிருந்தார். ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு வாடகைத் தொகை. கீழே கூட்டல்.

"அஞ்சு வீடு அத்தான். சிட்டி ஓமெண்டு சொல்லிட்டுது."

சொன்னது உண்மைதான். அந்தக் கிழமைதான் ரொறன்ரோ மாநகரசபை, நகரத்தின் குடியிருப்புத் தெருக்கள் எல்லாவற்றிலும் ஒரு காணியில் நாலு வீட்டலகு வரை கட்டலாம் என்று வாக்களித்திருந்தது. அதற்கு ஆறு மாதம் முன், 2022 நவம்பரில், ஒன்ராறியோ மாகாண அரசு பில் 23 என்ற சட்டத்தைக் கொண்டுவந்து, மூன்று அலகு வரை எந்த நகரசபையும் மறுக்க முடியாதபடி செய்திருந்தது. பின்வளவில் தனியாக ஒரு சின்ன வீடு, இங்கே கார்டன் சூட் என்பார்கள், அதுவும் 2022 யூலையிலிருந்து சட்டப்படி சரி. நாலும் ஒன்றும் ஐந்து. மச்சானின் கூட்டலில் பிழையில்லை.

நாங்கள் கடைசியில் வந்து நின்றது மூன்றில். ஐந்து எப்படி மூன்றானது என்பதைத்தான் எழுதப் போகிறேன். இப்போது ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் கலியாண வீடு, செத்த வீடு எங்கே போனாலும் யாராவது ஒருவர் இந்தக் கூட்டலைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நகரசபையின் திட்ட வரைபடத்தில் எங்களுடையதைப் போன்ற தெருக்களுக்கு மஞ்சள் நிறம். ஒரு காணி, ஒரு வீடு, ஒரு குடும்பம் என்ற எண்ணத்தில் 1950களிலும் 60களிலும் வரிசையாகக் கட்டிய ஒரு தளப் பங்களாக்கள். எங்கள் வளவு 45 அடிக்கு 120 அடி. ஊர்க் கணக்கில் ஏறத்தாழ இரண்டு பரப்பு. நகரத்தின் நடுவில் கோபுரம் கோபுரமாக எழும்பிக்கொண்டிருக்க, இந்த மஞ்சள் தெருக்களில் மட்டும் ஒரு கூடுதல் கதவு வைக்கவும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

ஆனால் அது காகிதத்தில். 83 கலவரத்துக்குப் பிறகு வந்த எங்கள் ஆட்களில் பாதிப் பேர் இந்தப் பங்களாக்களின் நிலத்துக்குக் கீழுள்ள பேஸ்மென்டில்தான் கனடாவைத் தொடங்கினோம். 1994இல் மாகாணம் பேஸ்மென்ட் வீடுகளைச் சட்டபூர்வமாக்கியது. அடுத்து வந்த முதலமைச்சர் ஹரிஸின் அரசு அதை எடுத்துவிட்டது. நான் வந்திறங்கியது 1996இல். ஒரே பேஸ்மென்டில் ஆறு பேர். சிட்டிக்காரர் வந்து கேட்டால் "மாமா வீடு, வந்து நிக்கிறம்" என்று சொல்லும்படி எங்களுக்கு ஆங்கிலத்தில் பாடமாக்கித் தந்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அதனால் இந்தத் தெருக்களில் இனித்தான் ஆட்கள் நெருங்கப் போகிறார்கள் என்று யாராவது பேசினால் எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, 2023க்கு வருவோம். அம்மாவுக்கு 78 வயது, இரண்டு முழங்காலும் போய்விட்டன. மேலே மூன்று அறைகளில் நாங்கள் ஐந்து பேர், கீழே பேஸ்மென்டில் வாடகைக்கு ஒரு சோடி. அம்மாவுக்குப் படியில்லாத ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான் தேவை. மச்சானின் காகிதம் அந்தத் தேவையைத் தொழிலாக மாற்றியது.

பங்களாவை இடித்து நாலு அலகு கட்டும் யோசனை இரண்டு மாதத்தில் செத்தது. கட்டி முடியும் வரை எங்கே குடியிருப்பது, யார் கடன் தருவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதிலில்லை. மூன்று சகோதரர்கள் காசைச் சேர்த்துப் போட்டால் நடக்கும், கையில் முதல் உள்ள கட்டடக்காரருக்கு நடக்கும். ஒரு மோர்ட்கேஜும் இரண்டு சம்பளமும் உள்ள குடும்பத்துக்கு அது கணக்கு மட்டும்தான். வங்கியில் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இனிமேல் வரப்போகும் வாடகையை முழுதாக வருமானமாக எடுக்க முடியாது என்றார். மச்சான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

மிஞ்சியது: பேஸ்மென்டை ஒழுங்காகப் பதிந்து சட்டபூர்வமாக்குவது, பின்வளவில் கார்டன் சூட். மொத்தம் மூன்று.

இங்கேதான் முதல் பிழை விட்டோம். படம் கீறுபவரை முதலில் பிடித்தோம். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். முதலில் நில அளவையாளர், பிறகு மரம் பார்க்கும் ஆர்பரிஸ்ட், அதன்பிறகுதான் படம். வீடு வாங்கியபோது காணி உறுதியோடு வந்த பழைய அளவைப் படம் 1958இல் கீறியது. வேலி நிற்கும் இடம் வேறு, எல்லை வேறு என்பதை யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் இங்கே வந்து அதை மறந்துவிட்டிருந்தோம். புதிதாக அளந்தபோது ஒரு பக்க வேலி எங்களுக்குள் ஒரு சாண் வந்திருந்தது. ஊரிலென்றால் அதற்கே மூன்று தலைமுறை பேசாமல் இருந்திருப்பார்கள்.

படம் கீறியவர் மச்சானின் பேச்சைக் கேட்டு இரண்டு மாடி போட்டார். கீழே அம்மா, மேலே ஒரு வாடகை அறை. நாங்கள் தொடங்கியபோது இருந்த விதிப்படி கார்டன் சூட்டின் தரைப்பரப்பு 60 சதுர மீற்றரைத் தாண்டக்கூடாது, பின்வளவில் 40 வீதத்தையும் தாண்டக்கூடாது. உயரம் 6 மீற்றர் வேண்டுமென்றால் பெரிய வீட்டிலிருந்து 7.5 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். 4 மீற்றரோடு நிறுத்தினால் 5 மீற்றர் இடைவெளி போதும். எங்கள் பின்வளவு 17 மீற்றர் ஆழம். பின்வேலியிலிருந்து ஒன்றரை மீற்றர் விட்டு, வீட்டுக்கு 7.4 மீற்றர் ஆழம் எடுத்தால் நடுவில் 8.1 மீற்றர் மிஞ்சும். காகிதத்தில் எல்லாம் அழகாகப் பொருந்தியது.

பிறகு ஆர்பரிஸ்ட் வந்தார். எங்கள் வளவில் மரமே இல்லை, இவர் எதற்கு என்றுதான் நினைத்தேன். அவர் எங்கள் வளவைப் பார்க்கவே இல்லை. நேரே பின்வேலிக்குப் போய், வேலிக்கு அப்பால் இரண்டு அடி தள்ளி நின்ற பின்வீட்டுக்காரரின் மேப்பிள் மரத்தைப் பார்த்தார். பின்வீட்டுப் பெரியவரிடம் கேட்டு உள்ளே போய், தரையிலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில், அதாவது தன் நெஞ்சு மட்டத்தில், நாடாவை மரத்தைச் சுற்றிப் பிடித்தார். விட்டம் 52 சென்ரிமீற்றர். ரொறன்ரோவில் 30 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட எந்த மரமும், தனியார் வளவில் நின்றாலும், பாதுகாக்கப்பட்டது. வெட்டவும் முடியாது, வேரைக் காயப்படுத்தவும் முடியாது, அதற்குத் தனி அனுமதி வேண்டும். 52க்கு மரத்தைச் சுற்றி 3.6 மீற்றர் தொடக்கூடாத வட்டம். அந்த வட்டம் வேலியைக் கவனிக்காமல் எங்கள் வளவுக்குள் மூன்று மீற்றர் வந்து படுத்திருந்தது.

அம்மா யன்னலால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தா. "அவற்றை மரத்துக்கு எங்கடை காணியிலும் பங்கோ?" என்று கேட்டா. வேருக்கு உறுதி தேவையில்லை அம்மா என்றேன்.

வீட்டை முன்னுக்குத் தள்ள வேண்டி வந்தது. தள்ளினால் இடைவெளி 6.6 மீற்றராகச் சுருங்கியது. இரண்டு மாடிக்கு 7.5 வேண்டும். இப்படி விதியில் கொஞ்சம் தட்டினால் கொமிட்டி ஒஃப் அட்ஜஸ்ட்மென்ட் என்ற நகரசபைக் குழுவிடம் போய் விலக்குக் கேட்கலாம். "சின்ன விலக்குத்தான், கிடைக்கும்" என்றார் படம் கீறியவர். கட்டணம் கட்டினோம்.

இதில் ஒரு வித்தியாசத்தை நன்றாக விளங்கிக்கொள்ள வேண்டும். அளவுக்குள் கீறினால் கட்டட பேர்மிட் மட்டும் போதும். அயலவரிடம் யாரும் கேட்க மாட்டார்கள், அறிவிக்கவும் மாட்டார்கள். ஒரு அங்குலம் வெளியே போனால் வீட்டு முன்புறத்தில் அறிவிப்புப் பலகை, சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் கடிதம், பகிரங்க விசாரணை. கொமிட்டி அனுமதித்தால் அயலவர் அதை மேன்முறையீடு செய்யும் வழியை பில் 23 அடைத்துவிட்டது உண்மை. அதற்காக அவர்கள் எழுதாமல் விடுவதில்லை.

பலகை வைத்து மூன்றாம் கிழமை, எங்களுக்கு எதிராக வந்த கடிதங்களை நகரசபையின் இணையத்தளத்தில் ஒரு இரவு இருந்து வாசித்தேன். பதினொன்று. வாகனம் நிறுத்த இடமில்லை என்று ஆறு. கழிவுநீர்க் குழாய் தாங்காது என்று இரண்டு. "தெருவின் தன்மை" கெட்டுவிடும் என்று ஒன்று. அந்தச் சொல்லுக்குள் எதை ஒளித்துவைத்து எழுதியிருக்கிறார்கள் என்று நினைக்க நினைக்கக் கோபம் ஏறியது. அடுத்த கடிதத்தைத் திறந்தால் தமிழ்ப் பெயர். அவருடைய பேஸ்மென்டில் இரண்டு குடும்பம் இருக்கிறது. கோபம் போய்விட்டது, சிரிப்புத்தான் வந்தது.

கடைசிக் கடிதம் பின்வீட்டுப் பெரியவருடையது. 60களில் இத்தாலியிலிருந்து வந்து அந்த வீட்டை வாங்கியவர். அரைப் பக்கம், கையெழுத்தில். தன் மனைவி தினமும் காலையில் பின்வளவில் இருந்துதான் கோப்பி குடிப்பாள், இனி மேல்மாடி யன்னலில் நின்று முன்பின் தெரியாத ஒருவர் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று எழுதியிருந்தார். வேறு ஒரு குறையும் சொல்லவில்லை.

மற்றப் பத்துக்கும் என்னிடம் பதில் இருந்தது. வாகனத் தரிப்பிடம் கட்டாயம் என்ற விதியை நகரசபை 2021 இறுதியிலேயே பெரும்பாலும் எடுத்துவிட்டது. தெருவில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நிறுத்தக்கூடாது என்ற பொது விதி அப்படியே இருக்கிறது. இந்தக் கடிதத்துக்குத்தான் பதில் இல்லை. அவர் சொன்னது சரி. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது: முழங்கால் இல்லாத அம்மாவுக்கு வீடு கட்ட வெளிக்கிட்ட நாங்கள் ஏன் மாடிப்படி கீறிக்கொண்டிருக்கிறோம்?

விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்தோம். ஒரே தளம், 4 மீற்றர் உயரம், 6.6 மீற்றர் இடைவெளி தாராளம். விலக்கு எதுவும் தேவையில்லை. கட்டிய கட்டணமும் ஐந்து மாதமும் போனதுதான். மச்சான் இரண்டு கிழமை பேசவில்லை. புதுப் படத்தோடு நானும் அம்மாவும் பின்வீட்டுக்குப் போனோம். பின்பக்கம் யன்னல் இல்லாததைப் பெரியவர் விரலால் தடவிப் பார்த்தார். இதைப் பலகை நடுவதற்கு முன் செய்திருக்க வேண்டும். சட்டப்படி அவரிடம் கேட்கத் தேவையில்லைத்தான். ஆனால் கட்டட வேலை நடக்கும் ஒரு வருடமும் சத்தத்துக்கும் தூசிக்கும் 311க்கு, அதாவது நகரசபைக்கு முறைப்பாடு சொல்லும் இலக்கத்துக்கு, தொலைபேசி எடுக்கக்கூடிய ஆள் அவர் ஒருவர்தான்.

அடுத்த தடை தீயணைப்பு. தீயணைப்பு வண்டி நிற்கும் இடத்திலிருந்து கார்டன் சூட்டின் வாசல் 45 மீற்றருக்குள் இருக்க வேண்டும், அங்கே போக ஏறத்தாழ ஒரு மீற்றர் அகலத்தில் தடையில்லாத பாதை வேண்டும். அதற்கு மேல் தூரமென்றால் ஸ்பிரிங்க்ளர் போன்ற கூடுதல் ஏற்பாடுகள், கூடுதல் செலவு. தூரத்தில் எங்களுக்குச் சிக்கல் இல்லை. அகலத்தில்தான். ஒரு பக்கம் பழைய உரிமையாளர் கராஜ் கட்டி அடைத்துவிட்டார், மற்றப் பக்கம் 1.2 மீற்றர். "1.2 இருக்குதே" என்றேன். படம் கீறியவர் ஒரு மீற்றர் தடியைக் காவடி போலக் குறுக்கே பிடித்துக்கொண்டு அந்த ஒழுங்கையால் நடந்தார். ஆறாவது அடியில் காஸ் மீற்றரில் தட்டியது. ஒன்பதாவது அடியில் ஏசி பெட்டி. இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். ஏசி ஒரு நாள் வேலை. காஸ் கம்பனி வருவதற்கு ஏழு கிழமை எடுத்தது. வீடு பார்க்கப் போகிறவர்கள் இந்தத் தடிச் சோதனையைச் செய்துபாருங்கள், காசு செலவில்லை.

நிலத்துக்குக் கீழே இருப்பதுதான் காசைத் தின்கிறது. கார்டன் சூட்டின் கழிவுநீர் பெரிய வீட்டுக் குழாய் வழியாகத்தான் தெருவுக்குப் போகும். கமராவை உள்ளே விட்டுப் பார்த்தால், பழைய களிமண் குழாய்க்குள் தெருவோர மரத்தின் வேர் தலைமயிர் போல அடர்ந்திருந்தது. கழிவுநீர்க் குழாய் தாங்காது என்று எழுதிய அந்த இரண்டு பேரும் பிழையாக எழுதவில்லை. அதை மாற்றி, வெள்ளம் திரும்பி வராதபடி ஒரு வால்வும் வைத்தோம். தண்ணீர்க் குழாய் பெரிதாக்க வேண்டும், மின்சாரம் 100 அம்பியரிலிருந்து 200க்குப் போக வேண்டும், பின்வளவு நெடுக அகழி. சின்ன வீட்டுக்கு 2 லட்சத்து 85 ஆயிரம் டொலர் என்று தொடங்கிய கணக்கு 3 லட்சத்து 32 ஆயிரத்தில் முடிந்தது. கூடியதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது, மேலே புல் முளைத்துவிட்டது. புல்லும் விருப்பத்துக்கு வைத்ததல்ல. பிறந்தநாள் கொண்டாட என்று பின்வளவு முழுக்க கொங்கிறீட் போட்டு வைத்திருந்தோம். பின்வளவில் பாதியாவது மண்ணும் செடியுமாக இருக்க வேண்டும் என்பதால் அதையும் உடைத்து அள்ளினோம்.

கொந்தராத்துக்காரர் கோயிலில் பழகிய ஒருவர் சொல்லி வந்தவர். வேலை நல்ல வேலை, பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் முழுக் காசையும் முன்னமே கேட்டார். ஒன்ராறியோ கட்டுமானச் சட்டப்படி ஒவ்வொரு கொடுப்பனவிலும் 10 வீதத்தை வைத்திருப்பது உரிமையாளரின் கடமை. கொந்தராத்துக்காரர் தன் உப ஒப்பந்தக்காரருக்குக் காசு கொடுக்காமல் விட்டால், அந்த ஆள் உங்கள் வீட்டின் மேல் உரிமை பதியலாம். "தெரிஞ்ச ஆக்களுக்குள்ளை இதென்ன" என்று முகம் சுளித்தார். தெரிந்த ஆட்களுக்குள் என்றபடியால்தான் எழுத்தில் வேண்டும் என்று மனைவி சொல்லிவிட்டா. கடைசியில் டைல்ஸ் பதித்தவர் காசு வரவில்லை என்று என் வாசலில் வந்து நின்றபோது அந்த 10 வீதம்தான் காப்பாற்றியது.

காசு திரும்பி வந்த இடமும் உண்டு. 65 வயதுக்கு மேற்பட்ட பெற்றோர் உறவினரோடு வாழத் தனி அலகு கட்டினால், மத்திய அரசு 50,000 டொலர் வரையான செலவில் ஒரு பங்கை வரியில் திருப்பித் தருகிறது; 2023இல் தொடங்கியபோது அது 15 வீதம், அதாவது கூடியது 7,500 டொலர். அலகுக்குத் தனி வாசல், குசினி, குளியலறை, படுக்கும் இடம் எல்லாம் இருக்க வேண்டும். பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் வைத்திருங்கள். புதிய வீடுகளுக்கு நகரசபை வாங்கும் டெவலப்மென்ட் சார்ஜ் இந்தக் கூடுதல் அலகுகளுக்கு இல்லை. மறுபக்கம், வளவின் மதிப்பீடு கூடும், சொத்துவரியும் கூடும். கார்டன் சூட்டைத் தனியாகப் பிரித்து விற்கவும் முடியாது. மகளுக்கு எழுதிக் கொடுக்கலாம் என்ற நினைப்பில் கட்டுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஊரில் வளவைக் கீறிச் சீதனம் கொடுத்த பழக்கம் இங்கே செல்லாது.

பேஸ்மென்ட் கதை சின்னது. ஆள் வெளியேறக்கூடிய யன்னல், ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கும் புகை அலாரங்கள், மேலுக்கும் கீழுக்கும் இடையே தீ தாங்கும் கூரை. பழைய வீடுகளுக்கு 1.95 மீற்றர் உயரம் போதும். ஓரிடத்தில் காற்றுக் குழாய் தாழ்வாக ஓடியதால் அதைச் சுவர்ப் பக்கம் நகர்த்தினோம். இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட அன்று, 96இல் மாமா வீடு என்று பாடமாக்கியவர்களில் ஒருவனுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். அவன் இப்போது மார்க்கத்தில் இருக்கிறான். அங்கேயும் இதே விதியா என்று கேட்டான். ஸ்டீல்ஸ் அவெனியூவைத் தாண்டினால் நகரம் வேறு, பைலோ எனப்படும் நகர விதியும் வேறு. மூன்று அலகு மாகாணம் முழுவதுக்கும் பொது, நாலு அப்படியல்ல, அதை மாகாணம் முழுக்கக் கட்டாயமாக்க முதலமைச்சர் போர்ட் 2024இல் மறுத்துவிட்டார் என்றேன். ரொறன்ரோவுக்குள்ளேயே 2025 யூனில் ஆறு அலகுக்கு வாக்களித்தபோது பழைய நகரப் பகுதிக்கும் ஈஸ்ட் யோர்க்குக்கும் ஸ்காபரோ நோர்த்துக்கும் மட்டும் கிடைத்தது. மற்ற வட்டாரங்கள் விரும்பினால் பிறகு சேரலாம். 401 நெடுஞ்சாலைக்குத் தெற்கே இருக்கும் எங்களுக்கு அப்போது நாலோடு நின்றது. உறவினர் கட்டினார் என்று நீங்களும் தொடங்காதீர்கள். அவருடைய முகவரிக்குச் சரியானது உங்கள் முகவரிக்குச் சரியாக இருக்க வேண்டும் என்றில்லை.

அம்மா போன இலையுதிர் காலத்தில் குடிபுகுந்தா. பால் காய்ச்சினோம். கறிவேப்பிலைச் சட்டியைத் தெற்குப் பக்க யன்னலுக்குள் வைத்திருக்கிறா. மேப்பிள் இலை எல்லாம் அவவின் கூரையில்தான் விழுகிறது.

போன மாதம் எங்களுக்கு எதிர்ப்புறம் மூன்றாவது பங்களா விற்றது. ஒரு நாள் காலையில் புல்லுக்குள் செம்மஞ்சள் நிற முளைகள் நட்டிருந்தன. பலகை இல்லை, கடிதம் இல்லை, அளவுக்குள் கீறியிருக்கிறார்கள் போல. நாலு அலகு, பத்து மீற்றர் உயரம் என்று கேள்வி. நான் முன்யன்னலில் நின்று, அது எழும்பினால் எங்கள் வரவேற்பறைக்கு மாலை வெயில் எந்த மாதம் தொடக்கம் வராது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா தடியை ஊன்றிக்கொண்டு அந்த ஒரு மீற்றர் ஒழுங்கையால் வந்து பக்கத்தில் நின்றா. கொஞ்ச நேரம் அவவும் முளைகளைப் பார்த்தா.

"என்ன, நீயும் கடிதம் எழுதப் போறியோ?"